ஒரு சக்கரம் கொடுத்து ஏறிய வள்ளம்: இரையுமன்துறைக் கடவு பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாட்டி இரையுமன்துறையில் பிறந்தவர், இப்போது 88 வயது. சிறுமியாக இருந்தபோது ஒரு சக்கரம் (திருவிதாங்கூர் நாணயம்) கொடுத்துக் கடத்து வள்ளத்தில், அதாவது ஆற்றைக் கடத்திவிடும் படகில், ஏறித் தேங்காப்பட்டணம் சந்தைக்குப் போனதாகச் சொல்கிறார். அவருடைய அப்பா வள்ளத்திலேயே திருவனந்தபுரம் போய்வருவார் என்றும் சொல்கிறார். அந்த ஊருக்கு வரலாறு உண்டா, அந்த வள்ளம் எந்த ஆண்டு ஓடத் தொடங்கியது, பாட்டி சொல்வது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது கடைசிக் கேள்விக்கான பதிலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டியின் பேச்சை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம் போன கதையில் மட்டும் அவரிடம் இன்னொரு தடவை விசாரிக்க வேண்டியிருக்கும்.

நான் விளவங்கோடு தாலுகாவில் முப்பது ஆண்டுக்கு மேல் நில அளவை வேலை பார்த்தவன். ஆற்றோரப் புறம்போக்கும் கால்வாய்க் கரையும் அளந்தே பாதிக் காலம் போயிற்று. திருவிதாங்கூர் காலத்துப் பதிவேடுகள் மலையாளத்தில் இருப்பதால் அதைப் படிக்கவும் பழகிக்கொண்டேன். வரலாற்றுப் பட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. செப்பேடு, கடிதம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அவற்றைப் படித்த அறிஞர்கள் சொன்னதை வைத்துத்தான். ஆறு, கடவு (வள்ளம் ஏறி ஆற்றைக் கடக்கும் இடம்), பதிவேடு பற்றிச் சொல்வது என் கண்ணால் பார்த்தது.

இடம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் குழித்துறையாறு கடலில் சேர்கிறது. இதற்கும் தாமிரபரணி என்றுதான் பெயர், ஆனால் திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. கிழக்குக் கரையில் தேங்காப்பட்டணம், மேற்குக் கரையில் இரையுமன்துறை. அங்கிருந்து வரிசையாகப் பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. நீரோடியைத் தாண்டினால் கேரளம். எட்டு ஊர்களும் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கின்றன. முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய் என்ற பழைய நீர்வழி. எட்டில் ஐந்து ஊர்ப்பெயர் 'துறை' என்று முடிவதைக் கவனியுங்கள். வள்ளம் அணையும் இடம்தான் இங்கே ஊராகியிருக்கிறது. 'புத்தன்துறை' என்பதைப் புத்தரோடு சேர்த்துச் சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் புத்தன் என்றால் புதியது. புத்தன்துறை என்பது புதிதாக உண்டான துறை, அவ்வளவுதான். இரையுமன் என்ற பெயருக்கு ஊரில் இரண்டு மூன்று விளக்கம் சொல்வார்கள். எல்லாமே பெயர் வந்த பிறகு கட்டிய கதைபோலத்தான் எனக்குப் படுகிறது, அதனால் அதில் ஒன்றைத் தூக்கி உங்களிடம் கொடுக்க மனமில்லை.

இந்த ஆற்றங்கரைப் பகுதி பழமையானது என்பதில் சந்தேகமே வேண்டாம். சில மைல் உள்ளே இருக்கும் பார்த்திவசேகரபுரத்தில் 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலையும் (தங்கிப் படிக்கும் கல்விக்கூடம்) எடுத்தான். முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்தை மாற்றி வாங்கி, 95 சட்டர், அதாவது மாணவர், தங்கிப் படிக்க ஏற்பாடு செய்ததைச் செப்பேடு சொல்கிறது. அடுத்து, பிரான்சிஸ் சேவியர் 1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதினார். தேங்காப்பட்டணத்து வலிய பள்ளியை, அதாவது பெரிய பள்ளிவாசலை, கேரளக் கரையில் இஸ்லாத்தைப் பரப்பியதாகச் சொல்லப்படும் மாலிக் இபுனு தினார் காலத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபும் உண்டு. முதல் இரண்டும் எழுத்தில் இருக்கின்றன, மூன்றாவது மரபுச் செய்தி. ஆனால் இந்த மூன்றில் எதை வைத்தும் 'அப்போதே கடவு இருந்தது' என்று எழுதிவிடக் கூடாது. இணையத்தில் நம் பக்கத்து ஊர் வரலாறுகள் பலவும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அக்கம்பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு கிடைத்தால் தெருவில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அதே வயதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, கடவு எப்போது தொடங்கியது? இந்தக் கேள்விக்கு ஓர் ஆண்டைப் பதிலாக எதிர்பார்க்காதீர்கள். அக்கரையில் சந்தையும் இக்கரையில் மீனும் இருந்த நாள் முதல் யாரோ ஒருவர் வள்ளம் ஊன்றிக்கொண்டுதான் இருந்திருப்பார். அதற்குத் திறப்பு விழா கிடையாது. ஆண்டு உள்ளது வேறொன்றுக்கு: அரசாங்கம் அந்தக் கடத்தைத் தன் கணக்கில் எழுதி, ஏலம் விட்டுக் குத்தகை வாங்கத் தொடங்கியதற்கு. திருவிதாங்கூர் அரசு பொதுக் கால்வாய்களுக்கும் பொதுக் கடவுகளுக்குமான சட்டத்தைக் கொல்லம் ஆண்டு 1096-இல், அதாவது 1920-21-இல் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் இதே மாதிரிச் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. அதனால் நம் ஊர்க் கடவின் காகிதத்தை மாகாணத்துக் கோப்புகளில் தேடினால் கிடைக்காது. 1949 வரை இது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. குத்தகை முறை எளிது. ஏலம் எடுத்தவர் அரசுக்குப் பணம் கட்டுவார், வள்ளமும் ஆளும் அவர் பொறுப்பு, ஆளுக்கு இவ்வளவு, சுமைக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்வார். வள்ளம் ஊன்றுகிறவர் பெரும்பாலும் குத்தகைக்காரர் அல்ல, கூலிக்கு நிற்கிறவர். ஊர் நினைவில் நிற்பது அவர் பெயர், பதிவேட்டில் இருப்பது குத்தகைக்காரர் பெயர். இரண்டும் பொருந்தவில்லையே என்று யாராவது குழம்பினால் காரணம் இதுதான்.

கொல்லம் ஆண்டை மாற்றும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பழைய காகிதத்தைக் கையில் எடுத்தவுடன் இதுதான் தேவைப்படும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825. இதைச் செய்யாமல் ஓர் ஆண்டு முன்பின்னாக எழுதி, பிறகு பிறந்த தேதியோடு மல்லுக்கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பாட்டி சொன்ன அந்தச் சக்கரம். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். திருவிதாங்கூருக்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு ரூபாய். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகு இந்திய அணாக்கணக்கு இங்கேயும் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ஆகவே வயதானவர்கள் ஒரு கூலியையோ விலையையோ எந்த நாணயத்தில் சொல்கிறார்கள் என்பதே ஓர் ஆண்டுக் குறிப்பு. சக்கரம் என்றால் 1949-50க்கு முன், அணா என்றால் அதற்கும் 1957-க்கும் நடுவில், பைசா என்றால் அதற்குப் பின். உங்கள் பாட்டிக்கு 88 என்றால் 1940களின் பிற்பாதியில் பத்து வயதுச் சிறுமி. சக்கரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பழக்கத்தால் அணாவையும் சக்கரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அதனால் வேறொரு பொருளின் விலையையும் கேட்டுப் பாருங்கள். தீப்பெட்டி என்ன விலை, ஒரு படி மரச்சீனி மாவு என்ன விலை என்று கேளுங்கள். அங்கேயும் காசு, சக்கரம் என்றே வந்தால் உறுதி.

திருவனந்தபுரம் போன கதைக்கு வருவோம். ஏ.வி.எம். கால்வாய் என்பதன் முழுப்பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். பத்மநாப சுவாமியின் அனந்தன், இங்கிலாந்து ராணி, உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா ஆகிய மூவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 1860-ஐ ஒட்டி வேலை தொடங்கியது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் உள்நாட்டு நீர்வழியால் இணைப்பதுதான் திட்டம். திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. வெட்டியதில் நன்றாக ஓடிய பகுதி, நெய்யாறு கடலில் சேரும் பூவாறிலிருந்து கடலோர ஊர்களின் பின்புறமாக இரையுமன்துறை வரை வரும் துண்டு. இன்று அதே 11 கி.மீ. துண்டுதான் 2016-இன் சட்டத்தில் தேசிய நீர்வழி 13 என்று எழுதப்பட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் பல இடங்களில் குளவாழையும் குப்பையும் மூடி, வள்ளம் நுழைய வழியில்லாமல் தூர்ந்து கிடக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்கு மனசு கனக்கிறது. அதன் கரையை நான் அளந்த காலத்தில் கதம்பை ஏற்றிய வள்ளங்கள் போய்க்கொண்டிருந்தன. கதம்பை என்றால் தேங்காய் உரிமட்டை. அதைத் தண்ணீரில் மாதக்கணக்கில் அழுகப் போட்டுத் தட்டி நார் எடுப்பார்கள். அந்த அழுகல் நெடி சட்டையில் ஏறி, வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஆகவே இரையுமன்துறையிலிருந்து பூவாறு வரை வள்ளத்தில் போனார் என்றால் அப்படியே நம்பலாம். பூவாறுக்கு அப்பால்தான் சிக்கல். அங்கிருந்து விழிஞ்ஞம், கோவளம் பக்கம் செம்மண் குன்றுகளும் பாறையும் கடல் வரை வந்து நிற்கின்றன. கால்வாய் அந்த இடத்தைத் தாண்டவே இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போகும் நீர்வழி தனி. 1820களில் வெட்டிய பார்வதி புத்தனாறு, 1880-இல் முடிந்த வர்க்கலைக் கால்வாய்ச் சுரங்கம் எல்லாம் அந்த வழியைச் சேர்ந்தவை. ஆக உங்கள் கொள்ளுத்தாத்தா மூன்று விதத்தில் போயிருக்கலாம். பூவாறு வரை வள்ளம், மீதி ஏறக்குறைய 30 கி.மீ. நடை அல்லது வண்டி. அல்லது கடல்வழியாகவே கரையோரம் பாய் விரித்துப் போயிருக்கலாம், அந்த எட்டு ஊர்க்காரர்களுக்குக் கடல் ஒரு தூரமே இல்லை. அல்லது நகரத்து வள்ளக்கடவில் ஏறி அங்கிருந்து வடக்கே போன கதை பாட்டியின் நினைவில் இதோடு சேர்ந்துவிட்டிருக்கலாம். எனக்கு முதலாவதுதான் சரியென்று படுகிறது, ஆனால் அது என் ஊகம். பாட்டியிடம் 'அப்பா போனால் எத்தனை நாள் கழித்து வருவார், வரும்போது என்ன கொண்டுவருவார்' என்று கேளுங்கள். 'வள்ளத்திலா போனார்' என்று நேராகக் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

நான் முதன்முதலில் அந்தக் கடத்தில் ஏறியது 1981-இல், ஆனி மாதம், இடவப்பாதி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. என்னிடம் அளவுச் சங்கிலி, கோணக்கட்டை, வரைபடக் குழல். கடத்துக்காரர் முதலில் பார்த்தது சங்கிலிப் பையைத்தான். 'அதை நடுவில், அடியில் வையுங்கோ' என்றார். மீன் விற்றுத் திரும்பிய அம்மைமார் காலிக் கடவங்களை (கூடைகளை) ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு சைக்கிளை அணியத்தில் படுக்கப் போட்டார்கள். அடியில் ஊறிய தண்ணீரை ஒரு பையன் கமுகம்பாளையால் கோரி வெளியே ஊற்றிக்கொண்டே வந்தான். அயனிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த வள்ளம் அது, கொஞ்சம் ஊறத்தான் செய்யும். எல்லாரும் ஏறியதும் அவர் அக்கரைக்கு நேராக விடவில்லை. கழுக்கோலை ஊன்றிக் கரையை ஒட்டியே ஆற்றுக்கு எதிராக நல்ல தூரம் மேலே போனார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் வள்ளத்தைத் திருப்பி நீரோட்டத்தில் விட்டார். ஆறு எங்களைக் கீழே தள்ளிக்கொண்டே அக்கரைத் துறைக்கல்லில் கொண்டுபோய் நிறுத்தியது. நேராக விட்டிருந்தால் வள்ளம் பொழிக்குப் போயிருக்கும். பொழி என்றால் ஆறு மணலை உடைத்துக் கடலுக்குள் பாயும் வாய். கடல் வற்றும் நேரமும் ஆற்றில் வெள்ளமும் சேர்ந்தால் அந்த வாய்க்குள் போன வள்ளம் திரும்பாது. அவர் இதை எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. பொழிப் பக்கம் ஒரு தடவை முகத்தைக் காட்டினார், அவ்வளவுதான்.

இந்தக் கடவை உண்மையில் ஆண்டது பொழிதான். கோடையில் ஆறு மெலிந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். அப்போது தண்ணீர் தேங்கி நிற்கும், வள்ளம் சுகமாகப் போகும், சில நாட்களில் மணல்திட்டு வழியாகவே நடந்தவர்களும் உண்டு. மழைக்காலத்தில் வாய் உடைந்தால் கடத்து நின்றுவிடும். அப்போது ஆற்றோடு மேலே நடந்துபோய்ச் சுற்றி வரவேண்டும். மேலே கணபதியான்கடவு என்று ஓர் இடம், இப்போது பாலம் இருக்கிறது, பெயரில் மட்டும் கடவு மிச்சம். 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்து, இந்த ஆற்றில் வந்து சேரும் கோதையாற்றுத் தண்ணீர் நாஞ்சில்நாட்டு வயல்களுக்குத் திரும்பியது உறுதியான செய்தி. அதனால் கோடையில் பொழி சீக்கிரம் அடைபட்டது என்று வயதானவர்கள் சொல்வது நியாயமாகப் படுகிறது. ஆனால் அது அளந்து நிறுவிய செய்தி அல்ல, அதை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு 2004 சுனாமியும் மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் போட்ட கல்சுவர்களும் வந்து மணல் போகும் திசையே மாறிவிட்டது. பாட்டி காட்டும் பழைய துறை இருந்த இடத்தில் இன்று நீங்கள் நின்று பார்த்தால் அவர் சொன்னது எதுவும் பொருந்தாது. தவறு அவருடையதல்ல, கரை நகர்ந்திருக்கிறது.

எல்லை மாறியதையும் சொல்ல வேண்டும், தேட வேண்டிய இடம் அதில் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் பக்கத்துப் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து தமிழர்கள் இறந்த போராட்டத்துக்குப் பிறகு, 1956-இல் விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கால்வாயின் ஒரு முனை ஒரு மாநிலத்தில், மறுமுனை இன்னொன்றில். தூர்ந்துபோனதற்கு லாரியும் பேருந்தும் ஒரு காரணம் என்றால், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கவலைப்பட ஒரு கை இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் கோயில், அதாவது கத்தோலிக்கத் தேவாலய, நிர்வாகம் மாறவில்லை. கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் பிரிந்தபோது ஆற்றுக்கு மேற்கே இருந்த இந்த ஊர்கள் கொல்லத்தோடு நின்றன, 1937-இல் திருவனந்தபுரம் மறைமாவட்டம் உண்டானபோது அதற்குள் வந்தன, இன்றும் அங்கேதான். அரசுக்கு நாகர்கோவில், ஞானஸ்நானத்துக்குத் திருவனந்தபுரம்.

ஆகவே இப்படித் தேடுங்கள். ஊர்க் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் கொள்ளுத்தாத்தா பெயரைப் பாருங்கள், பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் தெரிந்தால் வள்ளம் எங்கெங்கே போனது என்பதும் தெரிந்துவிடும். கடவுக் குத்தகைக்குத் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகம், கொல்லம் 1096-க்குப் பிந்திய கோப்புகள். 1880களில் தொடங்கி 1911 வரை நடந்த திருவிதாங்கூர் செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேடுகளில் ஆற்றங்கரைப் புறம்போக்கு எண்ணையும் குறிப்புப் பத்தியையும் பாருங்கள். அதற்கும் முன்னால் என்றால் 1816 முதல் 1820 வரை இந்த நாட்டை அளந்த வார்டு, கானர் என்ற இரண்டு அதிகாரிகளின் வரைபடங்கள். 1956-க்குப் பிறகு கடவு வருமானம் ஊராட்சிக் கணக்கில் வர வாய்ப்புண்டு.

அதற்கெல்லாம் முன்னால் பாட்டியிடம் இன்னும் ஒன்று கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள். ராத்திரியில் அக்கரையில் மாட்டிக்கொண்டால் இக்கரையில் தூங்கும் கடத்துக்காரரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். நான் போன காலத்தில் 'பூ...ய்' என்று ஒரு நீண்ட கூவல்தான், பெயர் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன்பு ஓலைச் சூட்டைக் கொளுத்தி வட்டமாகச் சுற்றிக் காட்டுவார்கள் என்று ஒரே ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது ஒருவர் சொன்னால்தான் அதை எழுதிவைக்க முடியும்.